அடைக்கலாங்குருவி

ஊர்க்குருவிக்குத் தமிழில் அடைக்கலாங்குருவி என்றும் ஒரு பெயர் உண்டு. பழைய தமிழ் விவிலியத்திலும், மத்தேயுவின் சுவிசேஷத்தில், காசுக்கு இரண்டாக விற்கப்படுவது அதே அடைக்கலான் குருவிதான். கிளேர் கிப்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் 1953 இல் வெளியிட்ட 'சோல்ட் ஃபோர் எ ஃபார்திங்' என்ற சிறுநூலின் தலைப்பு அந்த வசனத்திலிருந்து வந்தது. ஃபார்திங் என்பது கால் பென்னி. ஆங்கில வாசகருக்கு அங்கே தெரிவது மலிவு மட்டுந்தான். அடைக்கலம் என்ற சொல் எமக்கு மட்டுமே கேட்கிறது.

கதை எளியது. 1940 யூலை 1 ஆம் திகதி, லண்டன் புறநகரில், விதவையான ஒரு பியானோக் கலைஞரின் வீட்டு வாசற்படியில் கண் திறக்காத, இறகு முளைக்காத ஒரு குஞ்சு கிடக்கிறது. சூடான பால் ஊட்டிப் பிழைக்க வைக்கிறார். சிறகிலும் காலிலும் ஊனம். வெளியே விட்டால் வாழாது. 12 வருடங்கள் அவரோடே இருந்து 1952 ஓகஸ்ட் 23 இல் இறக்கிறது. வெளியில் வாழும் ஊர்க்குருவிகளில் பெரும்பாலானவைக்கு ஒருசில வருட வாழ்வுதான். நூலுக்கு ஜூலியன் ஹக்ஸ்லி முன்னுரை எழுதினார். பியானோ கேட்டு வளர்ந்த இந்தக் குருவி, தன் இனத்திற்கு வழக்கமில்லாத விதத்தில் பாடியதாம். உயிரியலாளர் ஒருவர் இதைப் பொருட்படுத்தியதில் வியப்பில்லை.

எம்மைப் பிடித்து நிறுத்தியது வேறொரு பகுதி. 1940 செப்ரெம்பர் முதல் 1941 மே வரை லண்டன்மீது குண்டுமழை. கிப்ஸ் அம்மையார் வான்தாக்குதல் காவற்பணியில் இருந்தவர். குருவியையும் கொண்டுபோய், பயந்துபோன சனங்களுக்கு வித்தை காட்டுவித்தார். அதில் ஒன்று: சைரன் ஊதிவிட்டது என்றதும் குருவி ஓடிவந்து அவரது குவிந்த கைக்குள் பதுங்கும், சற்றுப் பொறுத்துத் தலையை மட்டும் நீட்டி, ஆபத்து நீங்கிவிட்டதா என்பதுபோலப் பார்க்கும். சனங்கள் சிரித்தார்கள்.

எமக்குச் சிரிப்பு வரவில்லை. 2008, 2009 இல் வன்னியில் இடம்பெயர்ந்த இடமெல்லாம் பங்கர் வெட்டியவர்கள் நாம். கிபிரின் இரைச்சல் கேட்டதும் உள்ளே பாய்ந்து, பிறகு தலையை மட்டும் நீட்டிப் பார்த்த குழந்தைகளை அறிவோம். குருவிக்குக் குண்டு என்றால் என்னவென்று தெரியாது. கை என்றால் தெரியும். இதை அன்பு என்பதா, பழக்கம் என்பதா? அன்பு என்று ஒரேயடியாகச் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. காப்பாற்றிய கைக்குக் காப்பாற்றப்பட்டது வித்தை காட்ட வேண்டியிருக்கிறது. வருடத்தில் ஒருநாள் பல்கலாசார விழா வைத்து, றோல்ஸும் வடையும் கொண்டுவாருங்கள், பிள்ளைகளை ஆடவிடுங்கள் என்று அன்போடு கேட்கிறார்களே, அவர்களும் நல்ல மனிதர்கள்தான். (மற்ற 364 நாளும் நாம் கோப்பை கழுவுகிறோம்.)

கென் லோச்சின் 'கெஸ்' (1969) படத்தை இதோடு வைத்துப் பார்க்கலாம். சுரங்கத் தொழிலாளர் ஊரான பார்ன்ஸ்லியில் ஒரு பையன் வல்லூறு வளர்க்கிறான். கூட்டிலிருந்து எடுத்து வந்ததுதான், மீட்டது அல்ல. ஆனால் அது தன் செல்லப்பிராணி இல்லை, அதைப் பழக்கலாமே தவிர அடக்க முடியாது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தெளிவு கிப்ஸிடம் குறைவு. அவரது குருவி பல இடங்களில் சட்டை போட்ட சிறுபிள்ளை ஆகிவிடுகிறது.

இருந்தும் கடைசிப் பகுதிக்காக இந்நூலை விட்டுவிட முடியாது. முதுமையில் குருவிக்குப் பாரிசவாதம் போன்ற ஒன்று வருகிறது. சமநிலை போய் மல்லாக்க விழுகிறது. மிருக வைத்தியர் ஷாம்பெயின் கொடுக்கச் சொல்கிறார்! பிறகு அது தானாகவே, புதிதாக, நிற்கவும் நகரவும் பழகிக்கொள்கிறது. இப்போது வித்தை இல்லை, பார்வையாளர் இல்லை. அம்மையார் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதுகிறார், அவ்வளவுதான். நூலில் எமக்கு மிக நெருக்கமான பக்கங்கள் இவை.

பல்கலைக்கழகத்தை இடைநடுவில் விட்ட எமது ஆங்கிலத்திற்கே எட்டுகிற நடை. யாராவது தமிழாக்க முன்வந்தால் தலைப்புக்கு அலையத் தேவையில்லை.