கவிழ்ந்த கப்பலும் முடிக்கப்பட்ட கணக்கும்

ஒரு படத்தின் இரண்டாம் பாகம் தோற்றுப்போவது பெரிய செய்தி அல்ல. முதல் படம் சம்பாதித்த பெயரை வைத்து இன்னொரு தடவை காசு பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் அடிவாங்கித்தான் திரும்புகிறார்கள். ஆனால் 1979இல் இர்வின் ஆலன் தயாரித்து இயக்கிய 'பியாண்ட் தி பொசைடன் அட்வென்ச்சர்' அப்படி ஒதுக்கிவிடக்கூடிய தோல்வி அல்ல என்று நினைக்கிறேன். அதன் கையில் ஒரு பெரிய கேள்வி தானாக வந்து விழுந்தது. அதைக் கீழே போட்டுவிட்டுத் தங்கம் பொறுக்கப் போய்விட்டது அந்தப் படம்.

முதல் படத்தை நினைவுபடுத்திக்கொள்வோம். பால் காலிகோ 1969இல் எழுதிய நாவலை வைத்து, ஆலனின் தயாரிப்பில் ரொனால்ட் நீம் இயக்கி 1972இல் வந்தது 'தி பொசைடன் அட்வென்ச்சர்'. உடைப்பதற்காகப் போய்க்கொண்டிருக்கும் கிழட்டுப் பயணிகள் கப்பல். நிலைகொள்ளாமல் ஆடுகிறது. அடிப்பாரம் ஏற்றி நிதானமாகப் போகலாம் என்கிறார் கேப்டன். முதலாளிகளின் பிரதிநிதியாகக் கூடவே வரும் லினார்கோஸ் ஒத்துக்கொள்வதில்லை. தாமதத்துக்குப் பணம் யார் கொடுப்பது? முழு வேகத்தில் போகச் சொல்கிறார். புத்தாண்டு இரவில் கடலடி நிலநடுக்கத்தால் எழுந்த அலை கப்பலைத் தலைகீழாகப் புரட்டுகிறது. இதை 'இயற்கைப் பேரழிவு' என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அலை இயற்கைதான், அடிப்பாரம் இல்லாத கப்பல் வரவு செலவுக் கணக்கிலிருந்து வந்தது. வெகுசனப் படம் ஒன்று முதல் சில நிமிடங்களிலேயே இவ்வளவையும் சொல்லிவிடுகிறது.

பிறகு விருந்துக்கூடம். உதவி வரும், இங்கேயே இருங்கள் என்கிறார் கப்பல் அதிகாரியான பர்சர். சீருடை சொன்னதைக் கூட்டம் நம்புகிறது. பாதிரியார் ஸ்காட்டின் பின்னால் ஒருசிலர் மட்டும் கிறிஸ்துமஸ் மரத்தை ஏணியாக்கி மேலே ஏறுகிறார்கள். ஏறி முடிப்பதற்குள் தண்ணீர் உடைத்துக்கொண்டு கூடத்துக்குள் வருகிறது. போகிற வழியில் இவர்கள் இன்னொரு கூட்டத்தைச் சந்திக்கிறார்கள். காயம்பட்டவர்களும் அதிர்ச்சியில் உறைந்தவர்களும் கப்பலின் மருத்துவர் பின்னால் வரிசையாக முன்பக்கம் நோக்கி நடக்கிறார்கள். அது தப்பான திசை என்று ஸ்காட் வாதாடுகிறார். வரிசை நிற்காமல் போய்விடுகிறது. காமிரா அதைப் பின்தொடர்வதில்லை. கடைசியில் புரொப்பெல்லர் தண்டுக்குப் பக்கத்தில், இரும்பு மெல்லிசாக இருக்கும் இடத்தில், வெளியிலிருந்து ஓட்டை போட்டு ஆறு பேரை வெளியே எடுக்கிறார்கள். வேறு யாரும் பிழைக்கவில்லை என்று தெரியவருகிறது. ஹெலிகாப்டர் கிளம்புகிறது. கணக்கு முடிந்தது.

இந்தப் படத்தைத் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. கூட்டத்தை வழிநடத்த ஒரு மீட்பர் வேண்டும் என்ற பழைய கதையாடல்தான் இது. பலவீனர்களுக்காகக் கடவுள் காத்திருக்க மாட்டார் என்கிற தொனியில் பேசும் ஸ்காட்டின் இறையியல் எனக்கு ஒவ்வாதது. ஏறிப் போகும் கூட்டத்தில் இருந்த ஒரே பரிசாரகன் ஏக்கர்ஸ் பாதியிலேயே செத்துப்போவதும் தற்செயல் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் அந்தப் பிரதிக்குள் அடைக்கப்படாத சில பிளவுகள் இருந்தன. லினார்கோஸ் ஒன்று, முன்பக்கம் போன அந்த வரிசை இன்னொன்று.

இரண்டாம் பாகம் சரியாக இந்த இடத்தில் தொடங்குகிறது. அதே ஹெலிகாப்டர் போகிறது. மைக் டர்னர் (மைக்கேல் கெய்ன்) என்பவர் தன் இழுவைப் படகில் வந்து, மீட்புக்குழு போட்ட அதே ஓட்டை வழியாக உள்ளே இறங்குகிறார். உள்ளே ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள்! பெண்ணைத் தேடும் தகப்பன், பார்வையற்ற ஒருவரும் அவர் மனைவியும், ஒரு செவிலி, லிஃப்ட் இயக்கும் இளைஞன். அப்படியானால் 'வேறு யாரும் இல்லை' என்று சொன்னது யார்? எதை வைத்து? எண்ணிக்கையை முடித்து வைக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? எண்ணாமல் விடப்பட்டவர்கள் உயிரோடு இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகும் படத்துக்கு இது உறைக்கவே இல்லை. இந்தக் கேள்வியைச் சுற்றி ஒரு காட்சிகூடக் கட்டப்படவில்லை.

ஏனென்றால் டர்னர் ஆட்களைத் தேடி வரவில்லை. கடலில் சரக்கைப் பறிகொடுத்தவர், கடன்காரர். பர்சர் அலுவலகத்துப் பெட்டகத்தில் இருக்கும் தங்கத்துக்கும் வைரத்துக்கும்தான் வருகிறார். இதைத் தனிமனிதப் பேராசை என்று திட்டிவிட்டுப் போகலாம். ஆனால் கடல் சட்டத்தின் சொல்லாடலே இப்படித்தான் இருக்கிறது. காப்பாற்றிய சொத்தின் மதிப்பை ஒட்டி மீட்பவருக்கு வெகுமதி உண்டு. சொத்து மீளவில்லை என்றால் வழக்கமாகக் கூலியும் இல்லை. உயிர் தப்பியவர் தன்னைக் காப்பாற்றியவருக்கு எதுவும் தர வேண்டியதில்லை என்கிறது 1989ஆம் ஆண்டின் சர்வதேச மீட்பு உடன்படிக்கை. உயிரை வைத்துப் பேரம் பேசக்கூடாது என்ற மனிதாபிமானம் இதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள்: சரக்குக்கு மதிப்பீடு உண்டு, ஆளுக்கு இல்லை. உயிரைக் காத்தவருக்கு ஒரு பங்கு கிடைப்பதும் சொத்து மீட்ட வெகுமதியிலிருந்துதான். டர்னரின் பார்வை அவர் கண்டுபிடித்தது அல்ல என்பதைப் படம் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு வில்லன் வருகிறான். டாக்டர் என்று சொல்லிக்கொண்டு ஆட்களோடு உள்ளே நுழையும் ஸ்வேவோ (டெல்லி சவாலஸ்). அவன் தேடுவது கப்பலில் இருக்கும் புளுட்டோனியத்தை. அப்புறம் என்ன, டுமீல் டுமீல்தான். முதல் படத்தில் ஒரு கடிகாரத்தையும் கணக்கேட்டையும் வைத்துக்கொண்டு எல்லாரையும் கொன்றது ஒரு நிறுவனம். இங்கே அந்த இடத்தில் துப்பாக்கியோடு ஒரு கெட்டவன் நிற்கிறான். கெட்டவன் செத்தால் நியாயம் கிடைத்தாயிற்று, முதலாளிகளை யாரும் கேட்க வேண்டாம். 'தி டவரிங் இன்ஃபெர்னோ'வில் (1974) மட்டமான மின்கம்பி போட்டு மிச்சம் பிடித்த கட்டட வியாபாரத்தைக் குற்றவாளியாக்கியவரும் இதே ஆலன்தான். ஐந்து வருஷத்தில் அந்தச் சொரணை எங்கே போனது?

ஒரு பாத்திரத்தில் மட்டும் படம் தன்னை அறியாமல் உண்மை பேசிவிடுகிறது. டெக்ஸ் என்பவர் விலையுயர்ந்த ஒயின் பாட்டிலை அணைத்தபடி, தான் டெக்சாஸ் கோடீஸ்வரன் என்று அளந்துகொண்டே வருகிறார். கடைசியில் பார்த்தால் அவர் கப்பலில் ஒயின் பரிமாறும் சிப்பந்தி. சாகக்கிடக்கும் இடத்திலும் பணக்காரனாகத் தெரிந்தால்தான் மதிப்பு என்று அந்த மனுசனுக்குப் பட்டிருக்கிறது. ஏக்கர்ஸின் கதி தெரிந்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்காது. படமோ இதை ஒரு கோமாளித்தனமாகத்தான் வைத்திருக்கிறது.

"மோசமான படம்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். மோசமான படம்தான். வசனம் தட்டை, ஆபத்தில் இருப்பவர்கள் நடைபாதையில் உலாத்துவதுபோல் போகிறார்கள். ஆனால் நல்ல படங்கள் சாமர்த்தியமாக மூடிவைப்பதை மோசமான படங்கள் ஒழுகவிட்டுவிடுகின்றன. பேரழிவு முடிந்ததும் முதலில் நடப்பது எண்ணிக்கையை முடிப்பது, அடுத்தது பொருளுக்கு உரிமை கோருவது. இந்த வரிசையை இந்தப் படம் அப்படியே காட்டிவிட்டது, காட்டுகிறோம் என்று தெரியாமலே.

2006இல் வுல்ஃப்காங் பீட்டர்சன் 'பொசைடன்' என்று திரும்ப எடுத்தபோது கிழட்டுக் கப்பல் சொகுசுக் கப்பல் ஆகிவிட்டது. எங்கிருந்தோ ஒரு ராட்சத அலை எழுந்து வந்து அடிக்கிறது, அவ்வளவுதான். லினார்கோஸுக்கு அங்கே வேலையே இல்லை. மூன்று படங்களில் ஒன்றாவது மருத்துவர் பின்னால் முன்பக்கம் நடந்துபோனவர்களைத் தேடிப் போயிருக்கலாம். அவர்கள் போன பாதை தப்பு என்று ஸ்காட் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு நாமும்தான் இத்தனை வருஷமாக அவர்களைச் செத்தவர்கள் கணக்கில் எழுதிவைத்திருக்கிறோம்.