சாவைச் சொல்லும் வரிகளை வாசிப்பது எப்படி?

நான் கவிதை விமர்சனம் எழுதுகிறவன். ஒரு வரியைப் பார்த்ததும் அதன் நிறைகுறை சொல்லத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் முகநூலில் பத்து நாட்களாகச் சாவைப் பற்றியே எழுதி வந்தான். கடைசியாக எழுதியதில் விடைபெறும் தொனி இருந்தது. நான் அதன் கீழ், "நல்ல சொற்சிக்கனம், தொடர்ந்து எழுதுங்கள்" என்று பதிந்துவிட்டு உறங்கப் போனேன்.

அவனுடைய பெரியவாப்பாவின் மகன் வெல்டிங் வேலை செய்கிறவர். கவிதை வாசிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அன்றிரவு அவர் போன் எடுத்து நேரடியாகவே கேட்டிருக்கிறார்: "டேய் தம்பி, சாகிற யோசனையா இரிக்காய்? உள்ளதச் சொல்லு." மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு அழுகை. "போன வெச்சிராத, நான் வாறன்" என்று மோட்டார் சைக்கிளில் போய், "சோறு திண்டியா?" என்று கேட்டு, விடியும்வரை கூடவே இருந்திருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ், தம்பி இன்று நம்மோடு இருக்கிறான். அவனுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். எங்கள் இருவரில் அந்த வரிகளைச் சரியாக வாசித்தவர் வெல்டிங் நானாதான்.

நேரே கேட்டால் இல்லாத எண்ணத்தையும் விதைத்துவிடுவோம் என்று நம்மில் பலர் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. நேரே கேட்பது ஆபத்தைக் கூட்டுவதில்லை. பேச வழிதான் திறக்கிறது.

பிழையான வாசிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜப்பானின் ஸமா நகரில் நடந்தது ஓர் அத்தாட்சி. 2017 ஒக்டோபரில் அங்கே ஓர் அடுக்குமாடி வீட்டில் 9 பேரின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. டுவிட்டரில் சாக விரும்புவதாக எழுதியவர்களைத் தேடிப் பிடித்து, உதவுவதாகவும் சேர்ந்து சாவதாகவும் சொல்லி ஒருவன் வரவழைத்துக் கொன்றிருந்தான். கொல்லப்பட்டவர்கள் தாமே சம்மதித்தவர்கள் என்று அவன் தரப்பு வாதாடியது. 2020 டிசம்பரில் நீதிமன்றம் அதை நிராகரித்தது. ஒருவர்கூடச் சம்மதிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. "சாக வேணும்" என்று எழுதுகிறவர் தாங்க முடியாத ஒன்றைச் சொல்லக் காது தேடுகிறார். அங்கே கொலைகாரன் காது கொடுப்பவனாக வந்து நின்றான்.

அப்படியானால் இத்தகைய பேச்சையெல்லாம் அழித்துவிடலாமா? எழுத்து அழியும், எழுதியவரின் வேதனை அப்படியே இருக்கும். ஒரே வேதனையில் இருப்பவர்கள் இணையத்தில் ஒருவரையொருவர் கண்டடைவது ஏன் என்று யோசிக்க வேண்டும். அங்கே யாரும் அவர்களை ஏசுவதில்லை. ஆனால், "நீ இரு, போகாதே" என்று சொல்லவும் அங்கே பல நேரம் ஆளில்லை. ஆறுதலாகத் தொடங்குவது அங்கீகாரமாக மாறிவிடுகிறது. ஜப்பானிய அரசு 2018 மார்ச்சில் சமூக ஊடகங்கள் வழியாகவே உளவள ஆலோசனை வழங்கத் தொடங்கியது. பேசுகிற இடத்துக்கே காதைக் கொண்டுபோனார்கள்.

இதில் இலக்கியக்காரரான எங்களுக்கும் பங்குண்டு. 1774இல் வெளியான கதேயின் 'வெர்தர்' நாவல் வாசகர்களைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது என்று லைப்சிக் நகரில் அதைத் தடைசெய்தார்கள். தற்கொலைச் செய்திகள் மேலும் தற்கொலைகளைத் தூண்டுவதற்கு 1974இல் டேவிட் பிலிப்ஸ் அந்நாவலின் பெயரையே சூட்டினார். இதன் மறுபக்கம் எங்களில் பலர் அறியாதது. மோட்சார்ட்டின் 1791ஆம் ஆண்டு இசைநாடகமான 'மந்திரப் புல்லாங்குழல்' பாப்பகேனோ என்ற பறவைபிடிப்பவனைச் சாவின் விளிம்புவரை கொண்டுவருகிறது. மூன்று சிறுவர்கள் வந்து அவனுக்கு வேறு வழி இருப்பதை நினைவூட்டுகிறார்கள், அவன் பிழைக்கிறான். நெருக்கடியைக் கடந்து வாழ்ந்தவர்களின் கதைகள் உயிர்காக்கக் கூடும் என்ற ஆய்வு முடிவுக்கு 2010இல் அவன் பெயரை வைத்தார்கள்.

நம் சிறுகதைகளில் வெர்தர்கள் நிறைய, பாப்பகேனோக்கள் குறைவு. சீதனக் கொடுமையா, காதல் தோல்வியா, கதையை முடிக்கத் தெரியாதபோது கதாபாத்திரத்தைச் சாகடித்துவிடுகிறோம். வாசகர் கண்ணீர் விடுவார்தான். ஆனால் அதே துயரத்தில் இருக்கிற வாசகருக்கு அந்தக் கதை காட்டுகிற ஒரே வாசல் அதுவாகிவிடுகிறது.

நம் முன்னால் வேறொரு முன்மாதிரி இருக்கிறது. ஸூரா மர்யமில், பேரீச்ச மரத்தடியில் தனியே பிரசவ வேதனையில் இருந்த மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே மரணித்து மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று ஏங்குகிறார்கள். அந்த வார்த்தைக்கு அங்கே கண்டனம் வரவில்லை. கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதலும், காலடியில் நீரோடையும், உலுக்கினால் விழும் பழங்களும் வருகின்றன. உண்ணவும் பருகவும் சொல்லப்படுகிறது. தற்கொலை ஹராம் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் துடிக்கிறவரிடம் நாம் சொல்லும் முதல் வார்த்தையே அதுவாக இருந்தால், அவர் இரண்டாம் வார்த்தைக்குக் காத்திருக்காமல் யாரோ தெரியாதவரிடம் போய்விடுவார். வெல்டிங் நானா சோற்றைப் பற்றிக் கேட்டது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

உளநல உதவிக்கு 1926 என்ற இலக்கம் இந்நாட்டில் 24 மணி நேரமும் இயங்குகிறது. நமக்காகவும் பிறருக்காகவும் அதை அழைக்கலாம். ஆபத்து உடனடியாக இருந்தால் அவரைத் தனியே விடக்கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

இப்போதெல்லாம் இளையவர் யாராவது சாவைப் பற்றி எழுதினால் நான் கருத்துப் பதிவதில்லை. முதலில் போன் எடுக்கிறேன். கவிதையைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.