மன்றும் மன்றாட்டும்: பாமாவின் ‘கருக்கு’, ‘சங்கதி’ காட்டும் கிறித்தவப் பெண்களின் அன்றாட வழிபாடு

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆய்வுகள் இறைவேண்டலைப் பெரும்பாலும் பக்திச்சுவையின் பகுதியாகவே நோக்கி வந்துள்ளன. ‘தேம்பாவணி’, ‘இரட்சணிய யாத்திரிகம்’ முதலிய காப்பியங்களை முன்வைத்து எழுந்த ஆய்வுகளில், வேண்டுபவர் யார், எந்த வேலைகளுக்கு இடையில் வேண்டுகிறார் என்னும் வினாக்கள் அரிதாகவே இடம்பெறுகின்றன. பாமாவின் ‘கருக்கு’ (1992), ‘சங்கதி’ (1994) ஆகிய படைப்புகள் இவ்வினாக்களைத் தவிர்க்க இயலாதவையாக ஆக்குகின்றன. துறவற மடத்தில் ஏழாண்டுகள் வாழ்ந்து வெளியேறியவர் பாமா. செங்கல்பட்டை அடுத்த உத்திரமேரூர் வட்டாரத்தில் ஆசிரியராகவும் பணியாற்றியவர். அவருடைய எழுத்தில் வழிபாடு பெண்ணின் உழைப்போடும் குடும்பத்தோடும் பிணைந்தே வருகிறது. வழிபாட்டு மொழிக்கும் பெண்களின் துயர மொழிக்கும் இடையிலான விலகலை இவ்விரு படைப்புகள் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செபமும் மன்றாட்டும்

கத்தோலிக்கர் ‘செபம்’ என்றும் சீர்திருத்தச் சபையினர் ‘ஜெபம்’ என்றும் வழங்கும் சொல் வடமொழி வழி வந்தது. ஓதுதல், உருப்போடுதல் என்பன அதன் அடிப்படைப் பொருள்கள். ‘மன்றாட்டு’ என்பதோ ‘மன்று’ என்னும் அவையைத் தன்னுள் கொண்ட சொல். இரந்து வேண்டுதலோடு அவையில் வழக்காடுதல் என்னும் பொருளும் அதற்கு உண்டு. ஒன்று முன்பே அமைந்த வாசகத்தைத் திருப்பிச் சொல்வது. மற்றொன்று தன் வழக்கைத் தன் சொல்லால் முன்வைப்பது. இவ்வேறுபாடு பாமாவின் படைப்புகளை அணுக ஏற்ற கருவியாகிறது.

ஓதும் வழிபாடு

‘கருக்கு’ காட்டும் சிறுமியின் வழிபாட்டு உலகில் திருவிழாவின் மகிழ்ச்சியும் தண்டனையின் அச்சமும் கலந்துள்ளன. ஞானோபதேச வகுப்பும் அலகையைப் பற்றிய கதைகளும் சிறுமியின் மனத்தில் இறைவனைக் கண்காணிப்பவராகப் பதிய வைக்கின்றன. வளர்ந்து மடத்தில் சேர்ந்தபின், பணிவும் பொறுமையும் போற்றப்பட, இயேசு வலியுறுத்திய நீதி பின்னுக்குத் தள்ளப்படுவதை அவர் உணர்கிறார். எனினும் பாமாவின் விமர்சனம் இறைநம்பிக்கையை நோக்கியதன்று. எளியோரின் வாழ்வை உள்ளே விடாத வழிபாட்டை நோக்கியதே அது. இரு பக்கமும் கூரிய பனங்கருக்கை எபிரெயர் திருமுகத்தில் வரும் இருபுறக் கருக்குள்ள வாளோடு இணைத்து அவர் எழுதியுள்ள முன்னுரை இதற்குச் சான்று.

மன்று மறுக்கப்பட்ட குரல்

‘சங்கதி’யில் வரும் மாரியம்மா, நிலவுடைமையாளன் ஒருவனின் வன்முறை முயற்சியிலிருந்து தப்பி வந்தவள். பழியோ அவள் மேலேயே சுமத்தப்படுகிறது. ஊர்க்கூட்டத்தில் பெண்களின் பேச்சு எடுபடுவதில்லை. உடன் குற்றஞ்சாட்டப்பட்ட ஆணைவிட அவளுக்கே கூடுதல் அபராதம் விதிக்கப்படுகிறது. குடும்பத்திற்குள்ளும் நிலைமை வேறன்று. திருச்சபையில் நடந்த திருமணத்தை முறிக்க இயலாததால், அடிக்கும் கணவனிடமிருந்து விலகும் வழி கிறித்தவப் பெண்ணுக்கு அடைபடுகிறது. அதே சாதியைச் சேர்ந்த பிற சமயப் பெண்களுக்கு அவ்வழி ஓரளவேனும் திறந்திருப்பதை நூல் ஒப்பிட்டுக் காட்டுகிறது.

அவ்வாறாயின் இப்பெண்களின் வழக்கு எங்கே ஒலிக்கிறது? கணவனின் அடியைத் தெருவில் வசைமொழியால் எதிர்க்கும் ராக்கம்மாவின் கூச்சலில் ஒலிக்கிறது. வேலைப்பளுவும் மனச்சுமையுமே காரணம் என்று கதைசொல்லி விளக்கும் ‘பேய் பிடித்தல்’ நிகழ்வுகளில் ஒலிக்கிறது. கோயிலில் ஓதப்படும் வாசகத்தில் அது இடம்பெறுவதில்லை. ஆகவே, வழிபாட்டைப் பெண்ணின் அகக்குரலாகவே கொள்ளும் வாசிப்பு ‘சங்கதி’க்குப் பொருந்தாது. அதனை வெறும் அடிபணிதலாகக் கொள்ளும் வாசிப்பும் போதாது. வழிபடும் பெண்ணே தெருவில் வழக்காடும் பெண்ணாகவும் இருக்கிறாள் என்பதைப் பாமா மறைப்பதில்லை.

இன்றைய தொடர்ச்சி

இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) மக்கள் மொழியில் வழிபாட்டை அனுமதித்ததோடு, ‘விசுவாசிகள் மன்றாட்டை’யும் திருப்பலியில் மீட்டெடுத்தது. பின்னர் இல்லங்களில் கூடும் ‘அன்பியம்’ என்னும் அமைப்பும் தமிழகத்தில் வளர்ந்தது. 2002இல் உருவான செங்கல்பட்டு மறைமாவட்டத்தின் கூடுவாஞ்சேரி முதலிய புறநகர்ப் பகுதிகளில், மின்தொடர்வண்டியில் வேலைக்குச் சென்று திரும்பும் பெண்ணுக்கு மாலைச் செபம் என்பது அடுப்புக்கும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கும் இடையில் ஒதுக்க வேண்டிய நேரம். பிறரைச் செபத்திற்கு அழைத்து அமர்த்துவதும் அவள் வேலைகளுள் ஒன்றாகிவிடுகிறது. சொந்தச் சொற்களில் வேண்ட அங்கு வாய்ப்பு உண்டு. ஆயினும் அயலாரும் கணவனும் அமர்ந்திருக்கும் கூட்டத்தில் நோய், தேர்வு, வேலை ஆகியவற்றுக்காக வேண்டுவது எளிது. வீட்டிற்குள் படும் அடியைச் சொல்வது எளிதன்று.

முடிவுரை

பாமாவின் இரு படைப்புகளும் வழிபாட்டின் மதிப்பை அதில் எவை சொல்லப்பட முடிகிறது என்பதைக் கொண்டு அளக்கின்றன. ஊர் மன்று பெண்ணின் சொல்லை ஏற்காதபோது, இறைவன்முன் அவள் வைக்கும் மன்றாட்டேனும் வழக்காடுதல் என்னும் தன் பழம்பொருளைத் தக்கவைக்க வேண்டும் என்பதே இவை எழுப்பும் கோரிக்கை. குடும்ப வழிபாட்டைக் கள ஆய்வுக்கு உட்படுத்துவோர், சொல்லப்பட்ட வேண்டுதல்களோடு, அங்கே சொல்ல இயலாமல் வேறிடங்களில் வெளிப்படும் சொற்களையும் பதிவு செய்தல் தேவையாகிறது.