எழுபது விழுக்காட்டில் ஓடிய காந்தங்கள்

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் நடந்த 'கேட்ரின்' சோதனை, நியூட்ரினோவின் நிறை 0.45 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இருக்க முடியாது என்று 2025-இல் அறிவித்தது. நேரடி அளவீட்டில் இதைவிடக் கறாரான வரம்பு வேறு இல்லை. ஆனால் திட்டமிட்டபோது வைத்த இலக்கு 0.2. கருவியின் மீக்கடத்திக் காந்தங்களோ வடிவமைத்த வலிமையில் 70 விழுக்காட்டில்தான் ஓடின. இரண்டையும் முடிச்சுப் போட்டு, காந்தங்கள் கைவிட்டதால் இலக்கு தவறியது என்று சொல்லிவிடலாமா? கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்வதே நியாயம்.

டிரிட்டியம் சிதைந்து வெளிவரும் எலக்ட்ரான்களில், 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்ற உச்ச ஆற்றலை ஒட்டியவைதான் நியூட்ரினோவின் நிறைக்குச் சாட்சி. அவற்றைப் பிரிக்க, வலுவான புலத்திலிருந்து மிக மெலிந்த புலத்துக்கு எலக்ட்ரான்களை நடத்துகிறார்கள். புலம் மெலிய மெலிய அவற்றின் சுழற்சி நேரோட்டமாக மாறும். அந்த இடத்தில் எதிர் மின்னழுத்தம் அவற்றை வடிகட்டும். வடிகட்டியின் கூர்மை தனியொரு காந்தத்தின் வலிமையைப் பொறுத்ததல்ல. மெலிந்த புலத்துக்கும் உச்சப் புலத்துக்கும் உள்ள விகிதமே அதைத் தீர்மானிக்கிறது. வடிவமைப்பில் அவை 3 காஸ், 6 டெஸ்லா. கிடைக்க வேண்டிய கூர்மை 0.93 எலக்ட்ரான் வோல்ட்.

நடைமுறையில் உச்சப் புலம் 4.2 டெஸ்லாவாகவும், டிரிட்டிய மூலத்தின் புலம் 3.6-இலிருந்து 2.5 டெஸ்லாவாகவும் இறங்கின. இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்ததால், ஏற்கப்படும் எலக்ட்ரான்களின் கோண வரம்பு 51 பாகையாகவே நீடித்தது. மெலிந்த புலத்தையும் அதே விகிதத்தில் குறைத்திருந்தால் கூர்மையும் மாறியிருக்காது. குறைக்கவில்லை, மாறாக, முதல் அளவீட்டில் 6.3 காஸாக உயர்த்தினார்கள். கூர்மை 2.8 எலக்ட்ரான் வோல்ட்டாக மழுங்கியது.

இதற்குக் காரணம் காந்தமல்ல, வடிகட்டல் நடக்கும் 10 மீட்டர் விட்டமுள்ள நிறமாலைமானிக் கலத்தின் சுவர். ரேடான் விட்டுச்சென்ற ஈயம்-210 அங்கே படிந்திருந்தது. அதன் சிதைவுத் தொடர் சுவரிலிருந்து கிளர்வுற்ற அணுக்களைக் கிளப்பிவிட, அவை கலத்துக்குள் அயனியாகிப் போலி எலக்ட்ரான்களைத் தந்தன. வினாடிக்கு 0.01 என்று எதிர்பார்த்த பின்னணி எண்ணிக்கை முதல் அளவீட்டில் ஏறத்தாழ 0.29. புலத்தை உயர்த்தினால் எலக்ட்ரான்கள் செல்லும் காந்தக் குழாய் சுருங்கும், போலிகளும் குறையும். அந்தக் குழாயின் விட்டம் வடிவமைப்பின்படி சுமார் 9 மீட்டர்; 6.3 காஸில் சுமார் 5.2 மீட்டர். காந்தங்களை முழு வலிமையில் ஓட்டியிருந்தாலும் இதே சுருக்கத்துக்கு 9 காஸ் வேண்டியிருக்கும். விகிதம் அப்போதும் அதேதான், கூர்மையும் அதேதான். ஆகவே 70 விழுக்காடு என்ற குற்றச்சாட்டு நிற்காது. மீக்கடத்தல் திடீரென முறிந்து, சுருளில் தேங்கிய ஆற்றல் வெப்பமாகக் கொட்டும் ஆபத்தைத் தவிர்க்க எடுத்த அந்த முடிவு விவேகமானது.

காந்தங்கள் மீது வேறொரு குறை உண்டு, அது நியாயமானதும்கூட. டிரிட்டிய வாயுவை வெளியேற்றும் பகுதியில், திரவ ஹீலியக் குளிரில் புதைந்திருந்த பாதுகாப்பு டையோடு ஒன்று 2011-இல் பழுதானது. எளிதில் கைக்கெட்டாத இடம் அது. அந்தத் தொகுதியையே கைவிட்டு, தனித்தனியான 5 காந்தங்களை வைக்க வேண்டியதாயிற்று. மற்றத் தொகுதிகளின் பாதுகாப்பு அமைப்பும் திருத்தப்பட்டது. பழுதாகக்கூடிய பாகத்தை எட்டாத இடத்தில் வைத்தது வடிவமைப்பின் பிழையே. அதற்குக் கொடுத்த விலை காலம், கூர்மையல்ல.

பின்னணியைப் பின்னர் பாதியளவுக்குக் குறைத்ததில், கலத்தைச் சுற்றியுள்ள சாதாரணக் கம்பிச் சுருள்களுக்கும் பெரும் பங்குண்டு. வடிகட்டும் தளத்தையே கலத்தின் நடுவிலிருந்து நகர்த்தி இதைச் சாதித்தார்கள். கேட்ரினின் மிக அழகிய யோசனையாக எனக்குப் படுவது இதுதான்.

காந்தங்கள் தேறிவிட்டன, இந்த வடிகட்டும் வழி மட்டும் இதற்கு மேல் நீளாது. இதே மூலத்தோடு கூர்மை 10 மடங்கு வேண்டுமென்றால், காந்தப் பாயம் மாறாது என்பதால் கலத்தின் விட்டம் 3 மடங்குக்கு மேல், அதாவது 30 மீட்டரைத் தாண்ட வேண்டும். அவ்வளவு பெரிய அதியுயர் வெற்றிடக் கலத்தைக் கட்டுவது நடைமுறையல்ல. அதனால்தான் அமெரிக்காவின் 'புராஜெக்ட் 8', காந்தப் புலத்தில் சுழலும் எலக்ட்ரான் உமிழும் கதிர்வீச்சின் அதிர்வெண்ணை அளந்து ஆற்றலைக் கணிக்க முயல்கிறது.