‘எங்களுக்குத் தெரியாது’: மருந்தாய்வு ஒப்புதல் படிவங்களின் தமிழ்நடை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

புதிய மருந்தையோ மருத்துவ முறையையோ மனிதரிடம் ஆராயும்போது பங்கேற்பவரின் ஒப்புதலை எழுத்தில் பெறுவது சட்டத் தேவையாகும். அப்படிவம் பங்கேற்பவருக்கு விளங்கும் மொழியில் அமைதல் வேண்டும். தமிழ்ப் படிவங்கள் பெரும்பாலும் ஆங்கில மூலத்தின் மொழிபெயர்ப்பாகவே உருவாகின்றன. ஓர் ஆய்வு எதனால் தேவைப்படுகிறதோ அந்த அறியாமை இம்மொழிபெயர்ப்பில் மறைந்துபோகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். கலைச்சொல், செயப்பாட்டு வினை, ‘-லாம்’ ஈறு, மறுமொழிபெயர்ப்பு ஆகிய நான்கு நிலைகளில் இது ஆராயப்படுகிறது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு வரலாற்றுச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மருந்தாய்வு, ஒப்புதல் படிவம், கலைச்சொல்லாக்கம், செயப்பாட்டு வினை, மருந்துப்போலி, குடவோலை.

முன்னுரை

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்கு கூறுகளாகக் கண்டு நிறைவுறுகிறது. இந்நான்கும் ஒரே நோயாளியின் நலத்தை நோக்கியவை. மருந்தாய்விலோ ஐந்தாவதாக ஒருவர் சேர்கிறார். அவர் இனி வரப்போகும், இன்னார் என்று அறியப்படாத நோயாளி. முன்னே அமர்ந்திருக்கும் நோயாளியின் உடல்வழியே பெறப்படும் அறிவு, அந்த ஐந்தாமவருக்கே பெரிதும் பயன்படும். முன்னே இருப்பவர் இதனை அறிந்து இசைந்தாரா என்பதே மருந்தாய்வு அறத்தின் மையக் கேள்வி.

‘ஆராய்ச்சியில் இருக்கிறோம்’ என்று சொல்லப்பட்ட பின்னும், தமக்கு நடப்பது அனைத்தும் தம் நோய்க்கேற்ப மருத்துவர் தேர்ந்த சிகிச்சையே என நோயாளிகள் நம்பும் போக்கினை அமெரிக்க உளமருத்துவர் பால் அப்பெல்பாமும் அவருடைய குழுவினரும் 1982இல் சுட்டிக் காட்டினர். இதனைத் தமிழில் ‘சிகிச்சை மயக்கம்’ எனலாம். இம்மயக்கத்தை நீக்க வேண்டிய ஒப்புதல் படிவமே தன் மொழிநடையால் அதனை வளர்க்கக்கூடும். இக்கட்டுரையில் ஆராயப்படும் தொடர்கள் இத்தகைய படிவங்களின் பொதுவான தொடரமைப்பைக் காட்டும் மாதிரிகள் மட்டுமே. எந்தவொரு நிறுவனத்தின் படிவத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல.

1. சென்னை ஆய்வும் அறியாமையின் பயனும்

காசநோய்க்கு ஓய்வும் தூய காற்றும் ஊட்டமான உணவும் இன்றியமையாதவை என்ற நம்பிக்கையின்மேல் எழுந்தவை காசநோய் மருத்துவமனைகள். 1950களில் நோய்க்குரிய மருந்துகள் கிடைத்துவிட்டன. ஆனால் நோயாளிகள் அனைவருக்கும் போதிய படுக்கைகள் இந்தியாவில் இல்லை. நெருக்கடியான குடிசையில், குறைந்த உணவோடு வாழும் ஒருவர் வீட்டிலிருந்தபடியே மருந்துண்டால் குணமாவாரா? இதற்கு விடை அறிந்தவர் எவரும் அன்று இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து 1956இல் சென்னையில் ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. வாலஸ் ஃபாக்ஸ் முன்னின்று நடத்திய ஆய்வில், நகரின் ஏழை நோயாளிகள் 193 பேர் சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் மருத்துவமனையில் தங்கினர். மறுபிரிவினர் வீட்டில் இருந்தனர். ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்னும் அதே மருந்துகள் இரு பிரிவினருக்கும் ஓராண்டுக் காலம் தரப்பட்டன.

மருத்துவமனையில் இருந்தோர்க்கு உணவும் ஓய்வும் மேம்பட்டிருந்தன. உடல் எடையும் அவர்களுக்கே மிகுதியாகக் கூடியது. எனினும், நோய் தணிந்த அளவில் வீட்டில் இருந்தோர் பெரிதும் பின்தங்கவில்லை. வீட்டினருக்கு நோய் கூடுதலாகத் தொற்றும் என்ற அச்சமும் மெய்ப்படவில்லை. 1959இல் வெளிவந்த இம்முடிவுகள் உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை மாற்றின. வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுதல் 1962இல் தொடங்கிய இந்தியத் தேசியக் காசநோய்த் திட்டத்தின் அடிப்படையாயிற்று.

இவ்வரலாறு இங்கே கூறப்படுவது பெருமைக்காக அன்று. துறைவல்லார் பலரும் உறுதியாக நம்பிய ஒன்றை, ‘தெரியாது’ என்று ஒப்புக்கொண்டு ஆராய்ந்ததால் விளைந்த பயன் இது. அறியாமையை ஒப்புக்கொள்ளுதல் மருந்தாய்வின் குறையன்று. அதன் அறத்தகுதியே அதுதான். இரண்டில் எது சிறந்தது என்று மருத்துவர் முன்னரே அறிந்திருந்தால், தாழ்ந்ததை ஒருவருக்குத் தருவது தவறாகும். ஆகவே, ஒப்புதல் படிவம் ஒன்று கூறவேண்டிய முதற் செய்தி, ‘எங்களுக்குத் தெரியாது’ என்பதே.

2. பெயரிடுதல்: சோதனை, பரிசோதனை, ஆய்வு

இச்செயற்பாட்டிற்குத் தமிழில் வழங்கும் பெயர்களுள் ‘பரிசோதனை’ பரவலானது. இச்சொல் இரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, கண் பரிசோதனை எனக் கண்டறியும் செயலுக்கும் வழங்குகிறது. அங்கே பரிசோதிப்பவர் நோயாளியைப் பற்றி அறிய முயல்கிறார். அறியும் பயன் நோயாளிக்கே உரியது. ‘நீங்கள் ஒரு மருத்துவப் பரிசோதனையில் பங்கேற்கிறீர்கள்’ என்னும் தொடரைக் கேட்பவர், தம் உடலில் என்ன குறை என்று பார்க்கப்போவதாகவே கொள்வார். உண்மையில் இங்கே பரிசோதிக்கப்படுவது மருந்து.

‘சோதனை’ என்னும் சொல்லுக்கு இடர், துன்பம் என்னும் பொருட்சாயலும் உண்டு. ‘சோதனைக் காலம்’ என்பது வழக்கு. ‘மக்களைச் சோதனை எலிகளாக்குவதா?’ என்னும் கண்டனக் குரல் இச்சொல்லோடு ஒட்டிப் பிறந்தது. இவ்விரு சொற்களுக்கும் அஞ்சிப் பல படிவங்கள் ‘ஆய்வு’ என்னும் சொல்லை நாடக்கூடும். அது கண்ணியமானது, ஆனால் கள ஆய்வு, இலக்கிய ஆய்வு முதலியவற்றோடு சேர்ந்து ஒலிப்பதால் உடலுக்கு நேரக்கூடிய இடரை உணர்த்துவதில்லை. ஒரு சொல் தேற்றுகிறது. ஒரு சொல் அச்சுறுத்துகிறது. ஒரு சொல் இரண்டும் செய்யாமல் நழுவுகிறது. எனவே பெயரை மட்டும் நம்பாமல், ‘இந்த மருந்து பயன் தருமா என்பது இன்னும் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளவே இந்த ஆய்வு’ எனத் தொடரால் விளக்குவதே பொருந்தும்.

3. குலுக்கலும் செயப்பாட்டு வினையும்

‘நீங்கள் இரு குழுக்களுள் ஒன்றில் சேர்க்கப்படுவீர்கள்’ என்பது இலக்கணப் பிழையற்ற தொடர். சேர்ப்பவர் யார்? ‘படு’ துணைவினை எழுவாயை மறைத்துவிடுகிறது. மருத்துவமனைச் சூழலில் அவ்வெற்றிடத்தை நோயாளி தாமே நிரப்பிக்கொள்வார்: மருத்துவர்தாம் சேர்ப்பார், தம் நோய்க்கு ஏற்றதில் சேர்ப்பார். சிகிச்சை மயக்கம் இங்கே இலக்கணத்தின் வழியே நுழைகிறது. ‘சமவாய்ப்பு முறையில்’ என்ற அடைமொழி சேர்ந்தாலும் நிலை மாறாது. ‘சமவாய்ப்பு’ என்பது உரிமை அரசியலின் நல்ல சொல்; தேர்வின் தற்செயல் தன்மையை அது பொதுவாசகருக்கு உணர்த்தாது.

தற்செயல் தேர்வினைத் தமிழ்ச் சமூகம் அறியாததன்று. பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறையில், வயது 35க்குக் குறையாமலும் 70க்கு மேற்படாமலும் இருத்தல், கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடைமை முதலிய தகுதிகள் வகுக்கப்பட்டன. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். அதன்பின், உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். தகுதி விதி, விலக்கு விதி, எடுப்பவர் அறியாமை என்னும் மூன்றும் இன்றைய ஆய்வு ஒதுக்கீட்டிலும் உள்ளன.

இவ்வொப்புமையைக் கொண்டு முன்னோர் மருந்தாய்வு அறிந்திருந்தனர் என்று கூறுவது பிழையாகும். குடவோலை ஆட்சிப் பொறுப்புக்கு ஆளைத் தேர்ந்தது. மருந்தாய்வு ஒப்பீட்டின் நேர்மையைக் காக்கிறது. எனினும், விளக்குவதற்கு உவமை கைவசம் உள்ளது என்பதே இங்குக் கருதத்தக்கது. ‘உங்களுக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவர் முடிவு செய்யமாட்டார், சீட்டுக் குலுக்கி எடுப்பது போல அது முடிவாகும்’ என்னும் செய்வினைத் தொடர் எவரையும் மயக்காது. ‘குலுக்கல்’ என்னும் சொல் பரிசுச்சீட்டை நினைவூட்டிப் படிவத்தின் மதிப்பைக் குறைக்கும் என்ற தயக்கம் எழலாம். மதிப்பைக் காப்பதற்காகப் பொருளை இழப்பது ஒப்புதலின் நோக்கத்துக்கு முரணானது.

4. ‘போலி’ என்னும் சொல்

மருந்துப் பொருள் இல்லாமல், தோற்றத்தில் மருந்தை ஒத்திருக்கும் மாத்திரையை ‘மருந்துப்போலி’ என்பர். இது செறிவான ஆக்கம். நன்னூல் மரபில் போலியாவது, எழுத்து மாறியும் பொருள் மாறாமை. ‘அறம்’ என்பது ‘அறன்’ என வருதல் போல. மருந்துப்போலியிலோ வடிவம் மாறாமல் உட்பொருள் மாறுகிறது. இலக்கணம் பயின்றோர் இத்தலைகீழ் நயத்தைச் சுவைக்கலாம். மருந்தகத்தின் முன் நிற்பவருக்குப் ‘போலி’ என்றால் கள்ளச் சரக்கே. ‘போலி மருந்து’ விற்றவர் கைதாகும் செய்தியை அவர் நாளிதழில் படிக்கிறார். இரு சொற்களின் முன்பின் வரிசை மாறினால் ஆய்வுக் கருவி குற்றப் பொருளாகிவிடுகிறது. வாய்மொழியாக விளக்குபவர் எத்தனை முறை இவ்வரிசையைக் காப்பார்? ‘மருந்து இல்லாத மாத்திரை’ என்னும் எளிய தொடர் கலைச்சொல்லின் அழகை இழக்கிறது. ஆனால் ஒருவர்க்கும் ஐயம் தராது. கலைச்சொல் துறையினர்க்கு உரியது. படிவம் துறைக்கு வெளியே நிற்பவர்க்கு உரியது.

5. ‘-லாம்’ ஈறும் விலகும் உரிமையும்

‘தலைவலி வரலாம்’, ‘குமட்டல் ஏற்படலாம்’, ‘நீங்கள் விலகலாம்’. முதல் இரண்டிலும் ‘-லாம்’ நிகழக்கூடியதை உணர்த்துகிறது. மூன்றாவதில் இசைவை உணர்த்துகிறது. பக்கவிளைவுகளின் நீண்ட பட்டியலுக்குப் பின் வரும்போது விலகும் உரிமையும் நேரக்கூடியவற்றுள் ஒன்றாகத் தேய்ந்து ஒலிக்கிறது. இசைவு என்று கொண்டாலும் அது மருத்துவர் அளிக்கும் சலுகையாகவே தோன்றும். ‘எப்போது வேண்டுமானாலும் விலக உங்களுக்கு உரிமை உண்டு, விலகினாலும் உங்கள் சிகிச்சை குறையாது’ என்பது சட்டத்தின் கருத்தைச் சலுகையாக்காமல் தருகிறது.

6. மறுமொழிபெயர்ப்பு என்னும் அளவுகோல்

தமிழ்ப் படிவத்தை மற்றொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி, மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது பரவலான நடைமுறை. சொல் விடுபடுதலையும் எண் மாறுதலையும் இது காட்டிக்கொடுக்கும், அவ்வளவில் பயனுடையது. ஆனால், சொல்லுக்குச் சொல் பெயர்த்த வறண்ட தமிழே எளிதில் மூல ஆங்கிலமாகத் திரும்பும். ‘சீட்டுக் குலுக்கி எடுப்பது போல’ என்று எழுதியவர் இத்தேர்வில் மதிப்பிழப்பார். ‘சமவாய்ப்பாக்கம் செய்யப்படுவீர்கள்’ என்று எழுதியவர் முழு மதிப்பெண் பெறுவார். இவ்வளவுகோல் ஆங்கிலம் காக்கப்பட்டதா என்று பார்க்கிறது. தமிழர் ஒருவருக்கு விளங்கியதா என்று பார்ப்பதில்லை.

மாற்று வழிக்கு முன்மாதிரி உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத்தர மதிப்பீட்டு வினாநிரலை உருவாக்கியபோது, சென்னையும் அதன் கள மையங்களுள் ஒன்றாக இருந்தது. ஒவ்வொரு மையத்திலும் உள்ளூர் மக்களுடன் கலந்துரையாடி வினாக்கள் திரட்டப்பட்டன. ‘சிறிதும் இல்லை’ முதல் ‘மிக அதிகம்’ வரையிலான படிநிலைகளுக்கு இடைப்பட்ட சொற்கள், அந்தந்த மொழி பேசுவோர் அவற்றுக்குத் தரும் அளவைக் கேட்டறிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டன. அகராதி சொல்லும் நிகரனைவிட, பேசுவோர் உணரும் அளவே அங்குச் சான்றாயிற்று. மதிப்பீட்டு வினாவுக்குக் காட்டிய இக்கவனத்தை ஒப்புதல் படிவத்துக்கும் காட்டத் தடையில்லை. படிவத்தைக் கேட்டபின் ‘உங்களுக்கு எந்த மருந்து என்று யார் முடிவு செய்வார்?’ என ஒருவரிடம் வினவினாலே போதும்; அவர் விடை படிவத்தின் தரத்தைக் காட்டிவிடும்.

முடிவுரை

புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகள், 2019, எழுத்தறியாதவர் ஒப்புதல் தரும்போது நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்கின்றன. புதிய வேதிப்பொருள்களின் ஆய்வில் எளிதில் பாதிக்கப்படக்கூடியோரிடம் ஒப்புதல் பெறுவதை ஒலி, ஒளிப் பதிவு செய்யவும் பணிக்கின்றன. இவை, ஒப்புதல் பெறப்பட்டது என்பதற்குச் சான்றாகும். விளங்கியது என்பதற்குச் சான்றாகா. விளங்காத தமிழ் தெளிவான ஒளிப்படத்தில் பதிவானாலும் விளங்காத தமிழே.

அதே விதிகள், படிவத்தை ஏற்கும் அறநெறிக் குழுவில் மருத்துவம் சாராத உறுப்பினர்க்கும் பொதுமக்களுள் ஒருவர்க்கும் இடம் தந்துள்ளன. தமிழ்த்துறையினர் கலைச்சொல் பட்டியல் தருவதோடு அமையாமல், இவ்விருக்கைகளில் அமர்ந்து தொடரமைப்பை வினவும் பொறுப்பை ஏற்கலாம். எழுவாய் எங்கே, ‘-லாம்’ இங்கே எப்பொருளது என்று கேட்கும் பயிற்சி அவர்களுக்கு உண்டு.

சென்னை ஆய்வின் 193 பேரிடம் அன்று எச்சொற்களால் விளக்கம் தரப்பட்டது என்பதை, ஆங்கிலத்தில் வெளிவந்த அறிக்கையின் அட்டவணைகளைக் கொண்டு அறிய இயலாது. அவர்கள் வழியே பெறப்பட்ட அறிவு உலகுக்குப் பயன்பட்டது. இன்று அவர்களிடத்தில் அமர்பவருக்கு, மருத்துவர் எதனை அறியார் என்பதை அவர் பேசும் தமிழில் சொல்வதே அக்கடனைத் தீர்க்கும் வழியாகும்.