குப்பியைக் கேட்காத மில்லிமீட்டர்

அலர்ஜிப் பரிசோதனை அறிக்கைகளில் இப்போது ஒரு மோஸ்தர். ஐம்பது அறுபது பொருள்களை அடுக்கி, எதிரே தோல் தடிப்பின் அளவை மில்லிமீட்டரில் போட்டு, பக்கத்தில் கூட்டல் குறிகளும் இடுகிறார்கள். தோலில் குத்திய அந்தப் பொருளின் சாறு எவ்வளவு வீரியமானது என்ற விவரம் பல அறிக்கைகளில் இருப்பதே இல்லை. கேட்டால், செறிவு பத்து மடங்கு கூடினாலும் தடிப்பின் விட்டம் சுமார் ஒன்றரை மடங்குதானே கூடும், இதில் என்ன கெட்டுவிட்டது என்கிறார்கள்.

கணக்கு சரிதான். பரிசோதனையும் நல்லதே: முன்கையில் ஒரு சொட்டு, லான்செட்டால் ஒரு குத்து, கால் மணி நேரத்தில் விடை. செலவும் ஆபத்தும் குறைவு.

ஆனால் அந்தக் கணக்கையே நோயாளியின் கையில் வைத்துப் பாருங்கள். வெறும் கரைசல் குத்திய இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது கூடுதலாகத் தடித்தால்தான் ‘பாசிட்டிவ்’. தரமான வீட்டுத்தூசி மைட் சாறு ஒருவர் கையில் 4 மில்லிமீட்டர் எழுப்புகிறது என்றால், பத்தில் ஒரு பங்கு வீரியமுள்ள சாறு 2.7-லேயே நின்றுவிடும். ‘நெகட்டிவ்’ என்ற தாளோடு அவர் வீடு திரும்புவார்; அதே மெத்தையில் படுத்து இரவெல்லாம் இழுப்பார்.

ஹிஸ்டமின் சொட்டு வைத்துச் சரிபார்க்கிறோமே என்பார்கள். அலர்ஜி மாத்திரையால் தோல் மந்தமாகவில்லை, குத்திய கை சரியாகக் குத்தியது என்பதற்குத்தான் அது சாட்சி. மற்றக் குப்பிகளுக்குள் இருப்பதற்கு அது ஜாமீன் நிற்காது.

அமெரிக்காவில் மைட், பூனை, புல் மகரந்தச் சாறுகளுக்காவது வீரியத்தை அளந்து அலகு தருகிறார்கள். நம் நாட்டுக் குப்பிகள் பெரும்பாலானவற்றில் இன்னும் 1:10, 1:50 என்ற எடை-கன விகிதம்தான். இவ்வளவு பொருளை இவ்வளவு திரவத்தில் ஊறவைத்தோம் என்பதற்கு மேல் அதில் தகவல் இல்லை. ஒவ்வாமைப் புரதம் எவ்வளவு இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. 1911-ல் ஆங்கில மருத்துவர் லெனார்ட் நூன் மகரந்தத்தின் எடையை வைத்து அலகு வகுத்தார் என்றால், அன்று வேறு வழியில்லை. இன்று அந்தச் சமாதானம் செல்லாது. கரப்பான், பூஞ்சைச் சாறுகளிலோ அவற்றின் நொதிகளே குப்பிக்குள் புரதத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

இந்த நிலையில் மைட் 6, கரப்பான் 4, ஆகவே மைட்தான் முதல் எதிரி என்று வரிசைப்படுத்துவதற்கு என்ன ஆதாரம்? ஒவ்வாமையைத் தணிக்க மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் போட வேண்டிய ஊசி மருந்தையும் இந்த வரிசையைப் பார்த்தே கலக்குகிறார்கள்.

சாற்றின் அலகு, தயாரிப்புத் தொகுதி எண், காலாவதித் தேதி: அறிக்கையில் ஒரு வரி போதும். அதை எழுத முடியாத இடத்தில் கூட்டல் குறிகளும் போடக் கூடாது.