எதையும் வாசிக்கிற இசைக்குழு: மெட்ரோபோல் ஆர்கெஸ்ட்

"எல்லாத்தையும் வாசிப்பாங்க" என்பது ஓர் இசைக்குழுவுக்குப் பாராட்டா, குறையா? நெதர்லாந்தின் மெட்ரோபோல் ஆர்கெஸ்ட் பற்றிப் பேச்சு வந்தாலே இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும்.

போர் முடிந்த கையோடு, 1945-இல், ஹில்வெர்சம் வானொலிக்காகத் தொடங்கிய குழு இது. டால்ஃப் வான் டெர் லிண்டன் 1980 வரை நடத்தினார். அமைப்பே வேறு மாதிரி: ஜாஸ் பிக் பேண்டும் சிம்பொனியின் வயலின் வரிசைகளும் ஒரே குழுவில். வானொலிக்கு அதுதான் வேண்டும். இன்று பாடகருக்குப் பின்னணி, நாளை சினிமா இசை, மறுநாள் ஜாஸ்.

பாப் பதிவுகளில் ஆர்கெஸ்ட்ரா சேர்ந்தால் பெரும்பாலும் என்ன ஆகும்? டிரம்ஸ் தன்பாட்டுக்கு ஓடும். வயலின்கள் நீண்ட ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கும். பாட்டுக்குப் பட்டு போர்த்தின மாதிரி. உருவிட்டாலும் பாட்டு அப்படியே இருக்கும்.

இப்போ 'சில்வா' (2015) கேட்டுப் பாருங்க. ஸ்னார்க்கி பப்பி குழுவோடு சேர்ந்து வாசித்த ஆல்பம். இசை மைக்கேல் லீக், நடத்தியவர் ஜூல்ஸ் பக்லி. ஹெட்போன் மாட்டிய ரசிகர்கள் நடுவே டோர்ட்ரெக்ட் நகரில் நேரடியாகப் பதிவானது. 'தி கர்ட்டன்' கால் மணி நேரம் ஓடுகிறது. அதில் வயலின்கள் போர்வை இல்லை, தாளத்துக்குள்ளேயே நிற்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் பாட்டே குலைந்துவிடும்.

குறையும் உண்டு. கடைசிப் பாட்டான 'தி கிளியரிங்'கில் சில இடங்களில் ஒரே ரிஃபை எல்லோரும் சேர்ந்து பெரிதாக்குவதோடு சரி. அளவு கூடுகிறது, யோசனை கூடவில்லை. எதையும் வாசிக்க முடிகிற குழுவுக்கு இந்த ஆபத்து எப்போதும் இருக்கும்: கொடுத்ததை அழகாக வாசித்துவிடுவார்கள், கொடுத்தது போதுமா என்று கேட்க மாட்டார்கள்.

ஆனாலும் என் ஓட்டு பாராட்டுக்குத்தான். இந்தத் தாள ஒற்றுமையை ஒரு ஆல்பத்துக்காக ஆள் பிடித்து வாங்க முடியாது. ஒரே ஆட்கள், சம்பளத்தோடு, வருஷக்கணக்கா ஒன்றாக உட்கார்ந்து வாசித்ததால் வந்தது. அந்த ஏற்பாட்டைத் தாங்கிய ஒலிபரப்பு நிதியைத்தான் டச்சு அரசு 2013-இல் நிறுத்தியது. குழு தனி அறக்கட்டளையாகத் தப்பிப் பிழைத்தது. 'சில்வா' அதற்குப் பிறகு வந்து கிராமியும் வாங்கியது.

"பாத்தீங்களா, பணம் இல்லாமலே நடக்குது" என்று இதைப் படிக்கலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. அது பழைய சேமிப்பில் எடுத்த செலவு. அடுத்த தலைமுறை வயலின்காரர் அந்தப் பழக்கத்தை எந்த நாற்காலியில் உட்கார்ந்து கத்துக்குவார்?